தொட்டிலும் கட்டிலும்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

மனிதராய்ப் பிறந்த எவரும் பிறர் கையை நம்பியே உயிர் வாழும் காலங்கள் இரண்டு உண்டு. ஒன்று தொட்டிற் காலம். மற்றொன்று கட்டிற் காலம். தொட்டிலுக்கு முன்பு தாயின் வயிற்றில் இருக்கும் பத்து மாதத்தையும் நான் முதற் காலத்தோடே சேர்த்துக்கொள்கிறேன். இடையில் உள்ள சில ஆண்டுகளில் ‘சொந்தக் காலில் நிற்கிறேன்’ என்று நாம் பெருமை பேசுகிறோம். அந்தப் பெருமையில் தொட்டிலில் கிடந்ததை மறந்துவிடுகிறோம். கட்டிலில் கிடக்கப் போவதை நினைப்பதே இல்லை.

இவ்வாண்டு எங்கள் பத்தாம் வகுப்பு நன்னெறிப் பாடவேளையில், கருக்கலைப்பைப் பற்றியும் கருணைக்கொலையைப் பற்றியும் சிஸ்டர் நான்கு வாரங்கள் பாடம் நடத்தினார்கள். அதற்குப் பின் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, “இதெல்லாம் இந்தப் பிள்ளைகளுக்கு இப்போது எதற்கு, சிஸ்டர்? படிக்கிற வயதில் மனம் கெட்டுப் போகாதா?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் கோபம் இல்லை, அக்கறைதான் இருந்தது. ஆகவே மரியாதையோடு அதற்கு ஒரு மாணவியின் பதிலைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நாங்கள் ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கிறோம். எங்கள் அப்பாயி இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதத்தில் விழுந்தார்கள். வலக் கையும் வலக் காலும் அசையாது, பேச்சுக் குழறும், ஆனால் நினைவு தெளிவு. பகலில் அம்மா பார்த்துக்கொள்வார்கள். மூத்த அக்கா விடுதியில் தங்கி நர்சிங் படிப்பதால், இரவில் சின்ன அக்காவும் நானும் முறை வைத்துக்கொண்டோம். இரண்டு மணிக்கு ஒரு தரம் அப்பாயியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையேல் முதுகில் புண் வந்துவிடும்.

காலாண்டுக் கணக்குத் தேர்வுக்கு முந்திய இரவு என் முறை. மூன்று தரம் எழுந்தேன். நான்காம் தரம் துணியையும் விரிப்பையும் மாற்ற வேண்டியிருந்தது. கை கழுவிவிட்டு மாதா படத்தின் முன் நின்று, “அம்மா, அப்பாயியைச் சீக்கிரம் எடுத்துக்கொள்ளுங்கள்” என்று வேண்டினேன். அவர்கள் படும் வேதனை தீரட்டுமே என்றுதான் வேண்டுகிறேன் என எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலையில் நான் பள்ளிக்குப் புறப்படும்போது அப்பாயி என் கையைப் பிடித்து, “ராத்திரி நீ தூங்கவே இல்லையே கண்ணு. நான் உங்களுக்குப் பாரமாயிட்டேன்ல?” என்றார்கள். பதில் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

இரண்டு வாரம் கழித்து சிஸ்டர் கரும்பலகையில் ‘கருணைக்கொலை’ என்று எழுதினார்கள். எழுதிவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்து, “இதில் கருணை யார் மேல்? படுத்திருப்பவர் மேலா, பக்கத்தில் இருப்பவர் மேலா?” என்று கேட்டார்கள். வகுப்பில் எவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு மட்டும் முகம் வியர்த்தது. அன்றிரவு நான் வேண்டியது அப்பாயியின் வேதனைக்காக அன்று, என் தூக்கத்துக்காக என்பது அந்த நொடியில் எனக்குப் புரிந்தது.

கேள்வி கேட்ட அம்மா அவர்களே! மனம் கெடும் என்று அஞ்சினீர்கள். அந்த எண்ணம் பாடம் தொடங்குமுன்பே என் மனத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. பாடம்தான் அதன் பெயரை எனக்குச் சொல்லிற்று.

அன்று மாலை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அம்மா என்னைத் திட்டவில்லை. அதுவரை எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்கள். நான் வயிற்றில் இருந்தபோது எனக்கு முன்னே இரண்டும் பெண். உறவினர் ஒருவர் வீட்டுக்கு வந்து, “மூணாவதும் பொண்ணா இருந்தா யாரு தாங்குறது? பாரத்தைக் குறைச்சுக்குங்க” என்றாராம். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்களாம். எழுந்து பேசியவர்கள் அப்பாயி. “தாங்கப் போறது நான். பிள்ளையைப் பெத்து என் கையிலே குடு” என்று சொல்லி, அடுத்த மூன்று மாதம் அம்மாவை அடுப்படிப் பக்கமே விடவில்லையாம்.

தோழியரே! தொட்டிலுக்கு வருமுன் என்னைக் குறித்துச் சொல்லப்பட்ட சொல்லும், கட்டிலில் கிடந்து அப்பாயி தம்மைக் குறித்துச் சொன்ன சொல்லும் ஒன்றே: பாரம். இந்த ஒரு சொல்லை ஆராய்வதே இப்பாடத்தின் உயிர்நாடி என்பது என் எண்ணம்.

இது மேனாட்டிலிருந்து வந்த பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நம் தமிழ்நாட்டின் கதையைப் பாருங்கள். 1986இல் ‘இந்தியா டுடே’ இதழ் உசிலம்பட்டிப் பகுதியில் பெண் சிசுக்கள் கொல்லப்படுவதை நாடறிய எழுதிற்று. கள்ளிப்பால் என்ற சொல்லே அதன்பின் நமக்கு வேறு பொருள் தரலாயிற்று. 1992இல் தமிழக அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. ‘கொல்லாதீர்கள், இந்தத் தொட்டிலில் விட்டுச் செல்லுங்கள்’ என்பதே அதன் பொருள். 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும், 2011இல் நம் திருச்சிக்கு அடுத்த பெரம்பலூர், அரியலூர் உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. 1994இல் வெளிவந்த ‘கருத்தம்மா’ திரைப்படத்தை நம் தாய்மார்கள் கண்ணீரோடு பார்த்திருப்பார்கள்.

பின்னர் ஸ்கேன் கருவி வந்தது. பிறந்த பின் செய்த பாவத்தைப் பிறக்குமுன்பே செய்ய வழி கிடைத்தது. வயிற்றில் உள்ளது ஆணா பெண்ணா என்று சொல்வதைத் தடுக்க 1994இல் சட்டம் இயற்றப்பட்டு 1996இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் 943 பேரே இருந்தனர். இந்தக் குறைவை வெறும் எண்ணாக என்னால் பார்க்க முடியவில்லை. நானும் அதில் ஒருத்தியாகியிருக்கக் கூடும்.

கட்டிலின் கதையும் நம்மிடம் உண்டு. விருதுநகர் முதலிய தென்மாவட்டங்களில் ‘தலைக்கூத்தல்’ என்று ஒரு வழக்கம் இருந்ததைப் பத்திரிகைகள் எழுதின. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, சாவை வரவழைப்பதாம். பிள்ளைக்குத் தாய் செய்யும் பணிவிடையைக் கொண்டே தாயைக் கொல்வது எத்தகைய கொடுமை! இதைப் பற்றி வந்த ஒரு தமிழ்ப் படம் தேசிய விருது பெற்றது. அதன் பெயரே ‘பாரம்’.

ஏழ்மையும், வரதட்சிணையும், துணைக்கு ஆள் இல்லாமையும் மனிதர்களை இந்த நிலைக்குத் தள்ளுகின்றன. இவற்றைச் சொல்லாமல் ‘பாவம், பாவம்’ என்று மட்டும் சொன்னால் பாடம் பாதியிலே நின்றுவிடும். ஐந்தாம் கட்டளையை ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்தவள் நான். கட்டளை தெரிந்த எனக்கே அந்த இரவில் அது போதவில்லை. அக்கா எழுந்து வந்து, “நீ போய்ப் படு, நான் பார்த்துக்கிறேன்” என்று சொல்லியிருந்தால் போதுமாயிருந்திருக்கும்.

நம் ஊர் மலைக்கோட்டை இதைத்தான் நமக்குச் சொல்கிறது. காவிரிப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் நாம் அண்ணாந்து பார்க்கும் அந்தக் குன்றில் தாயுமானவர் கோயில் இருக்கிறது. என் பக்கத்து வீட்டு மாமி சொன்ன கதை இது. ஒரு பெண்ணுக்குப் பேறுகாலம். அவளுடைய தாய் புறப்பட்டு வருகிறாள், காவிரியில் வெள்ளம், கடக்க முடியவில்லை. இங்கே பெண் தனியே துடிக்கிறாள். இறைவனே அவள் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தாராம். அதனால் ‘தாயும் ஆனவர்’ என்ற பெயர் வந்ததாம். நான் கத்தோலிக்கப் பெண். ஆனாலும் இக்கதையைக் கேட்டபோது எனக்கு நம் மரியன்னையின் நினைவே வந்தது. தாமும் கருவுற்றிருந்த நிலையில், முதிர்ந்த வயதில் பிள்ளை சுமந்த எலிசபெத்தம்மாளைத் தேடி அன்னை மலைநாட்டுக்கு விரைந்தார்கள். ஏறக்குறைய மூன்று மாதம் உடன் தங்கினார்கள். இரண்டு கதையிலும் கரையில் நின்று புத்தி சொன்னவர் எவரும் இல்லை. அருகே வந்து உதவியவர்களே இருக்கிறார்கள். உயிரை மதித்தல் என்பது உடனிருத்தல் என்று நான் கற்றது இவ்வாறே.

எங்கள் வகுப்பில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் இருக்கிறோம். கேள்விகள் தாராளமாக எழுந்தன. “சட்டம் அனுமதிக்கிறதே, சிஸ்டர்?” என்றாள் ஒருத்தி. உண்மைதான். 1971இல் இயற்றப்பட்ட சட்டம் சில காரணங்களுக்காக மருத்துவர் மூலம் கருக்கலைப்புச் செய்துகொள்ள இடம் தருகிறது. 2021 திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், குறிப்பிட்ட சில நிலையில் உள்ள பெண்களுக்கு 24 வாரம் வரை இரு மருத்துவரின் கருத்தும் தேவை. அனுமதி வேறு, கடமை வேறு. சட்டம் ஒரு கதவைத் திறந்து வைக்கிறது; அதன் வழியே போகத்தான் வேண்டும் என்று எவரையும் தள்ளுவதற்கில்லை. ஆறு, ஏழு வாரத்திலேயே இதயத் துடிப்பை ஸ்கேன் கருவி காட்டுகிறது. துடிக்கிற ஒன்றை ‘ஒன்றுமில்லாதது’ என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இன்னொரு தோழி கடினமான கேள்வியைக் கேட்டாள். கர்நாடகத்தின் பெலகாவியைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர், 2012 அக்டோபரில் அயர்லாந்தின் கால்வே நகரில் இறந்தார். 17 வாரக் கரு கலையத் தொடங்கிவிட்டது; குழந்தை பிழைக்காது என்று தெரிந்தது. ஆயினும் அதன் இதயத் துடிப்பு இருந்ததால் மருத்துவர்கள் காத்திருந்தனர். கிருமி இரத்தத்தில் பரவித் தாயும் மாண்டார். “இதுவா உயிரைக் காப்பது?” என்றாள் தோழி. சிஸ்டர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “இல்லை. தாயும் ஓர் உயிரே. தாயைக் காக்கும் சிகிச்சையால் குழந்தையைக் காப்பாற்ற முடியாமற் போனாலும், அந்தச் சிகிச்சையைத் திருச்சபை தடுப்பதில்லை” என்றார்கள். சங்கடமான கேள்வியை ஒதுக்காமல் விடை சொன்ன அந்த நாளில்தான் வகுப்பு முழுவதும் சிஸ்டரை நம்பியது.

வன்கொடுமைக்கு ஆளான சிறுமியைப் பற்றியும் கேட்டோம். அவளும் குற்றமற்றவள், அவள் வயிற்றில் உள்ளதும் குற்றமற்றது, குற்றவாளி மூன்றாமவன் ஒருவன். இவ்வளவுதான் எனக்கு உறுதியாகத் தெரியும். அவளைக் குறை சொல்லும் வாய்கள் முதலில் மூடப்பட வேண்டும் என்பதும் தெரியும்.

கட்டில் பக்கத்துக்கு வருவோம். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராக இருந்த அருணா ஷான்பாக், 1973 நவம்பர் 27 அன்று அங்கு வேலை செய்த ஒரு கொடியவனால் தாக்கப்பட்டு, மூளை பாதிக்கப்பட்டுப் படுக்கையில் விழுந்தார். அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் அம்மருத்துவமனைச் செவிலியர்களே. ஒரு தலைமுறை ஓய்வு பெற்றால் அடுத்த தலைமுறை வந்தது. அவரைச் சாக விட வேண்டும் என்ற மனு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றபோது, அச்செவிலியர்கள் ‘எங்கள் அருணாவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று நின்றார்கள். 2011 மார்ச் 7இல் நீதிமன்றம் அம்மனுவைத் தள்ளியது. செவிலியர்களின் தொண்டைப் போற்றியது. 2015 மே 18இல் நிமோனியா காய்ச்சலால் அருணா இயற்கையாக இறந்தார். ஏறக்குறைய 42 ஆண்டுகள்! இரண்டே ஆண்டு அப்பாயியைப் புரட்டிப் படுக்க வைத்துச் சலித்துப் போன நான், இதைப் படித்த அன்று தலை குனிந்தேன்.

இங்கே ஒரு தெளிவும் வேண்டும். பயன் தராத சிகிச்சையையும் குழாய்களையும் கடைசி மூச்சுவரை திணிக்கத்தான் வேண்டும் என்று திருச்சபை சொல்லவில்லை. 1980இல் வத்திக்கான் வெளியிட்ட அறிக்கை இதைத் தெளிவாக்குகிறது. சாவு நெருங்கியபின் பயனற்ற, தாங்கவொண்ணாத சிகிச்சையை வேண்டாம் என்று சொல்வது சாவை ஏற்றுக்கொள்வது. ஊசி போட்டு உயிரைப் போக்குவது கொலை. நம் உச்ச நீதிமன்றமும் 2018இல், கடுமையான நிபந்தனைகளோடு சிகிச்சையை நிறுத்த மட்டுமே அனுமதித்தது. வலியைத் தணிக்க மருந்து உண்டு. 1967இல் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் லண்டனில் தொடங்கிய காப்பகம், மாளப்போகும் நோயாளியும் வலியின்றி, மதிப்போடு வாழலாம் என்று உலகுக்குக் காட்டிற்று. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டுக்கே வந்து இத்தகைய நோயாளிகளைக் கவனிக்கவும் ஏற்பாடு உண்டு. இவையெல்லாம் எத்தனை வீடுகளுக்குத் தெரியும்?

ஆகவே, இப்பாடத்தை எவ்வாறு கற்பிக்க வேண்டும் என்று என் சிற்றறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன்.

பயமுறுத்திக் கற்பிக்க வேண்டாம். முன்பு ஒரு முகாமில் கோரமான படங்களைக் காட்டினார்கள். சிலர் அழுதோம், ஒருத்தி வாந்தி எடுத்தாள். அந்தப் பயம் ஒரு வாரத்தில் போயிற்று. பயம் ஒரு பெண்ணை இரகசியத்துக்குள் தள்ளும். ஆபத்தில் இருக்கும்போது தாயிடம் வரவிடாமல் தடுக்கும்.

ஏற்கெனவே கருக்கலைப்புச் செய்துகொண்ட தாய்மார் நம் வீடுகளிலும் இருக்கலாம் என்பதை மறவாமல் பேச வேண்டும். 1995இல் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால், உயிரின் மாண்பு குறித்த தம் சுற்றுமடலில் அத்தகைய பெண்களை நோக்கியே ஆறுதலாகப் பேசினார். 2016இல் பாப்பரசர் பிரான்சிஸ், எல்லாக் குருக்களும் அவர்களுக்குப் பாவமன்னிப்பு வழங்கும் அதிகாரத்தை நீட்டித்தார். பாப்பரசர்கள் இரங்கும்போது கல் எறிய நாம் யார்?

பாடத்தோடு வழியும் சொல்ல வேண்டும். 1979இல் ஆஸ்லோ நகரில் நோபல் சமாதானப் பரிசு பெற்றுப் பேசிய அன்னை தெரசா, கருக்கலைப்பைக் கண்டித்ததோடு நிற்கவில்லை. பிள்ளைகளை வாங்கி வளர்த்துத் தத்துக் கொடுப்பதைத் தம் பதிலாகச் சொன்னார். இன்றும் வளர்க்க இயலாத தாய், குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவிடம் சட்டப்படி ஒப்படைக்கலாம். மனம் மாறினால் இரண்டு மாதத்துக்குள் திரும்பப் பெறலாம். ஆபத்தில் உள்ள சிறுமி 1098 என்ற எண்ணையும், பெண்கள் 181 என்ற எண்ணையும் அழைக்கலாம். இந்த எண்கள் எங்கள் வகுப்பறைச் சுவரில் எழுதப்பட வேண்டும்.

கைக்கும் பாடம் வேண்டும். மாதம் ஒரு நாள் முதியோர் இல்லத்துக்கோ, தெருவில் படுத்திருக்கும் ஒரு பாட்டியிடமோ சென்று தலை வாரி விடவும், கஞ்சி ஊட்டவும் கற்றுத் தாருங்கள். இப்பாடத்தை ஆண்பிள்ளைகள் பள்ளியிலும் நடத்துங்கள். சுமப்பவள் பெண், பணிவிடை செய்பவள் பெண், பாடம் கேட்பவளும் பெண் என்றால் எப்படி? தலையைக் குனிந்துகொள்ளும் அப்பாக்கள் இனி வேண்டாம்.

இறுதியாக ஒன்று. இப்போது எங்கள் வீட்டில் முறை மாறியிருக்கிறது. வாரத்தில் இரண்டு இரவுகள் அப்பாவின் முறை. தேர்வுக்கு முந்திய இரவில் எங்களுக்கு விடுமுறை. போன மாதம் அப்பாயி மறுபடியும் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். இம்முறை நான் ஓடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, “பாரந்தான் அப்பாயி. ஆனா தூக்குறதுக்கு நாங்க நாலு பேர் இருக்கோம். நீங்க ஒத்தையா என்னைத் தூக்கலையா?” என்றேன். அவர்கள் இடக்கையால் என் கன்னத்தைத் தடவினார்கள்.

அன்புத் தோழியரே! தொட்டிலில் நம்மைச் சுமந்தவர்கள் உண்டு. கட்டிலில் நம்மைச் சுமக்க யாரோ வேண்டும். நடுவிலுள்ள இந்தச் சில ஆண்டுகள் நாம் சுமக்கும் முறை. முறை தவறாமல் இருக்க இறையன்னை நமக்குத் துணை செய்வாராக!